வாசிக்கிற பிள்ளை

வராந்தாவில் உட்கார்ந்திருக்கும் மாரீஸ்வரியைத் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் சுகந்தி கரும்பலகையில் தேதியை எழுதினாள், எழுதி முடித்ததும் திரும்பிப் பார்த்துவிட்டாள். மாரீஸ்வரி அங்கேதான் இருந்தாள். தூணில் முதுகைச் சாய்த்து, சின்ன மகள் தர்ஷினியை மடியில் இருத்தி, வகுப்புக்குள் சினிமா பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். தீப்பெட்டி ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். பிள்ளைக்குத் தலைவாரிப் பூ வைத்துப் பவுடர் போட்டுக் கூட்டிவந்து வாசலில் நின்று கேட்டாள், டீச்சர், உங்க பிள்ளையும் இந்த வருசம் இங்கனதான் சேருதாமுல்ல, சமையக்காரக்கா சொன்னாக, டீச்சர் பிள்ளையே இங்க படிக்குன்னா எனக்கென்ன யோசன, இவளையும் போட்டுருதேன், இங்கிலீஷ் பள்ளிக்கூடத்து வேன்காரன் தெனம் வாசல்ல வந்து ஆரன் அடிக்கான், இன்னைக்குச் சொல்லிருதேன்னு சொல்லியிருக்கேன். சுகந்தி ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. உக்காருங்க, பாடம் நடத்திட்டு வந்திடுறேன் என்றாள். அப்படிச் சொல்லும்போது வாய் சிரித்தது, வயிற்றுக்குள் ஏதோ ஒன்று கீழே இறங்கியது. வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்பதால்தான் மகள் அமுதினியை இன்றைக்குக் கூட்டிவந்தாள். அதைத்தான் அடுப்படியில் சமையல்காரி பாக்கியத்தம்மாளிடமும் சொன்னாள். அது சோறு வேகிற நேரத்துக்குள் வேறு சேதியாகி ஊரைச் சுற்றி வந்துவிட்டது. இப்போது அமுதினி ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறாள், டவுன் கடையில் வாங்கிய சிவப்புச் சட்டையோடு, இந்த அறையில் அவள் மட்டும் அச்சடித்து ஒட்டிய படம் மாதிரி. டவுனில் அவள் அப்பா சண்முகவேல் அவளுக்கு இடம் கேட்டு ஒரு பெரிய தனியார் பள்ளிக்கூடத்து மரத்தடியில் நின்றுகொண்டிருப்பான். மத்தியானத்துக்குள் சொல்ல வேண்டுமாம், இல்லையென்றால் அந்த இடம் வேறு பிள்ளைக்குப் போய்விடுமாம். நீ ஒரு வார்த்த சொன்னா போதும் சுகந்தி, என்று காலையில் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னான், உன் பள்ளிக்கூடத்தப் பத்தி உனக்குத் தெரியாதா, நீயே சொல்லு, நல்ல பள்ளிக்கூடமா இல்லையா? அவன் குத்திக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான். அதுதான் பயமாக இருந்தது. அவள் சோற்றை டப்பாவில் அடைத்துக்கொண்டே இருந்தாள், மூடி சரியாக உட்காரவில்லை, அழுத்தி அழுத்திப் பார்த்தாள், பஸ் வந்துவிடும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டாள்.

நல்ல பள்ளிக்கூடமா இல்லையா. யாரோ ஒருத்தியாக இந்த வாசலில் வந்து நின்றால் என்ன தெரியும் என்று பார்க்க முயன்றாள். சுவரில் யானை, மான், மயில். பெயிண்டர் மயிலுக்கு வைத்த கால் கோழிக்கால் மாதிரி இருக்கிறது, பிள்ளைகள் அதைக் கோழி என்றுதான் சொல்கின்றன. வெளியே கரிசல் காடு வெயிலில் வெடித்துக் கிடக்கிறது. கழிப்பறை சுத்தமாக இருக்கிறது, இன்றைக்குத் தண்ணீர் வருகிறது. குடிதண்ணீர்த் தொட்டிக்கு மூடி இருக்கிறது. தலைக்கு மேலே விட்டத்துக்குப் பக்கத்தில் வேறு நிறத்தில் ஒரு சிமெண்டுப் பூச்சு, போன மழைக்கு ஒரு பாளம் பெயர்ந்து விழுந்த இடம், விழுந்தது ஞாயிற்றுக்கிழமை, பூசியாயிற்று, எஞ்சினியர் வந்து பார்த்துவிட்டுப் போயாயிற்று, இருந்தாலும் அதற்கு நேர் கீழே எந்தப் பிள்ளையையும் அவள் உட்கார வைப்பதில்லை. அமுதினி அந்த இடத்துக்கு எவ்வளவு தள்ளி உட்கார்ந்திருக்கிறாள் என்று கண் தானாக அளந்தது. தள்ளித்தான். அப்படியானால் அந்த இடத்துக்குப் பக்கத்தில் யார்? ஒன்றாம் வகுப்பு மகாலிங்கம். வாடா இங்கிட்டு, தள்ளி உக்காரு, என்றாள், அவன் என்ன தப்புச் செய்தோம் என்று தெரியாமல் நகர்ந்து உட்கார்ந்தான். அடுத்த அறையில் நாலாம் வகுப்பும் அஞ்சாம் வகுப்பும் கணக்குப் போடுகின்றன. தலைமையாசிரியை ஞானசௌந்தரி டீச்சர் கூட்டத்துக்குப் போயிருக்கிறார், ஐந்து வகுப்புக்கும் இன்றைக்கு இவள் ஒருத்திதான். இரைச்சல் வந்தால் அதட்ட வேண்டியிருக்கிறது, இரைச்சல் நின்றுபோனால் நெஞ்சு அடித்துக்கொள்கிறது, எங்கே போனார்கள், சுவரேறிக் குதித்துக் கண்மாய்க்குப் போய்விட்டார்களா, போய் எட்டிப் பார்த்தால் எல்லாம் குனிந்து எழுதிக்கொண்டிருக்கின்றன, மறுபடி இங்கே வந்தால் இங்கே ஒருத்தி அழுகிறாள். இதுதான் இந்தப் பள்ளிக்கூடம். ஓடி ஓடி இரண்டு அறைக்கும் நடுவில் தேய்ந்துபோகிற ஒரு பொம்பளை. அதற்கிடையில் செல்போனில் ஏற்ற வேண்டிய விவரங்கள், யார் வந்தார்கள், யார் சாப்பிட்டார்கள், யாருக்குச் செருப்பு அளவு என்ன. அந்தப் பெரிய பள்ளிக்கூடத்தில் வகுப்புக்கு ஒரு டீச்சர். இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கத் தனி டீச்சர். அமுதினி அங்கே போனால் ஷூ போட்டுக்கொண்டு வரிசையில் நிற்பாள், யாரும் அவளைத் தாண்டி இன்னொரு அறைக்கு ஓட மாட்டார்கள். ஆனால் அங்கே உள்ளே என்ன நடக்கிறது என்று யாருக்குத் தெரியும். வாட்ச்மேன் கேட்டோடு நிறுத்திவிடுகிறான். இங்கே மாரீஸ்வரி தூணில் சாய்ந்து எல்லாவற்றையும் பார்க்கிறாள். பார்க்கட்டும். பார்க்கிறாளே.

போன மாதம் நாத்தனார் வீட்டுக் காதுகுத்தில் பந்தியில் உட்கார்ந்திருந்தபோது யாரோ சொன்னார்கள், கவர்மெண்டு பள்ளிக்கூடம் எப்படின்னு தெரியணும்னா அந்த டீச்சருங்க தன் பிள்ளைய எங்க போடுறாங்கன்னு பாத்தா போதும்லா, என்று. பந்தி முழுக்கச் சிரித்தது. சுகந்தியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அப்பளத்தை நொறுக்கினாள். அன்றிலிருந்து அந்தச் சிரிப்பு அவளுக்குள் எங்கோ மாட்டிக்கொண்டது, முழுங்கவும் வரவில்லை, துப்பவும் வரவில்லை. அவள் மோசமான டீச்சர் இல்லை. அதை அவளால் சத்தியம் பண்ணிச் சொல்ல முடியும். லீவு போடுவதில்லை. அடிப்பதில்லை. பிள்ளைகளின் வீட்டு விவரம் எல்லாம் தெரியும், யாருக்கு அப்பா இல்லை, யாருக்குக் காலையில் சாப்பாடு இல்லை. ஆனால் அமுதினியை இந்த அறையில் உட்கார வைத்து நினைத்துப் பார்க்கும்போது மட்டும் இந்தச் சுவர்கள் எல்லாம் வேறு மாதிரி ஆகிவிடுகின்றன. ஊரார் பிள்ளைகளுக்குப் போதும் என்று இருந்த வெளிச்சம் சட்டென்று குறைந்துபோகிறது. அப்படியானால் இத்தனை நாளும் யாருக்குப் போதும் என்று நினைத்தேன்? இந்தக் கேள்வி வந்ததும் அவள் சாக்பீஸைக் கீழே போட்டு, குனிந்து எடுத்து, கேள்வியை அங்கேயே தரையில் விட்டுவிட்டு நிமிர்ந்தாள். கூடப் படித்த ஒருத்தி ஞாபகத்துக்கு வந்தாள், விஜயராணி, கடைசி வரிசை, எப்போதும் சிரித்த முகம், ஆறாம் வகுப்புக்கு வரவில்லை. பல வருஷம் கழித்து விடிகாலையில் சுகந்தி அவளை மில் பஸ்ஸின் ஜன்னலில் பார்த்தாள், அவள் கையைக் காட்டினாள், பஸ்ஸின் மேல் எழுதியிருந்த ஊரைப் படிக்கத் தெரியாமல்தான் பக்கத்தில் நிற்கிறவர்களிடம் தினமும் கேட்டு ஏறுகிறாள் என்று யாரோ சொன்னார்கள். ஐந்து வருஷம் ஒரே அறையில் இருந்தோமே, எங்கள் டீச்சருக்குத் தெரியாதா? தெரியாமல் எப்படி இருக்கும்? அந்த டீச்சரும் நல்லவர்தான், அடிக்க மாட்டார்.

இதையெல்லாம் நிறுத்த வேண்டும் போலிருந்தது. மாரீஸ்வரிக்கும் காட்ட வேண்டும், தனக்கும் காட்டிக்கொள்ள வேண்டும். அலமாரியில் நேற்றுப் பிரித்த கட்டு இருந்தது, புதுக் கதைப் புத்தகங்கள், பிள்ளைகள் இன்னும் பார்க்காதவை. மேலே இருந்த ஒன்றை எடுத்தாள். அட்டையில் ஒரு தவளை. யாரைக் கூப்பிடலாம் என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. மாரீஸ்வரியின் மூத்த மகள் காளீஸ்வரி, மூன்றாம் வகுப்பு, இந்த அறையிலேயே நன்றாக வாசிக்கிற பிள்ளை. ஒன்றாம் வகுப்பிலிருந்து இவளிடம்தான் படிக்கிறாள். வாசி என்றால் கணீரென்று வாசிப்பாள், ஒரு இடத்தில் நிறுத்தாமல், ராகம் போட்டு. வாசிக்கிற அளவைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளைப் பிரித்து வைக்கும்போது யோசிக்காமல் மேல்வரிசையான மலரில் வைத்த பிள்ளை. அம்மா கேட்கட்டும். கேட்டுவிட்டுச் சின்னதையும் சேர்க்கட்டும். காளீஸ்வரி, இங்க வா, இந்தக் கதைய எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டு. வராந்தாவில் மாரீஸ்வரி முந்தானையை இழுத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். காளீஸ்வரி எழுந்து வந்தாள். புத்தகத்தை வாங்கி அட்டையைப் பார்த்தாள், திருப்பிப் பார்த்தாள், முதல் பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். புது வாசனை பிடித்திருக்கிறது போல என்று சுகந்தி நினைத்தாள். பிறகு அந்தப் பிள்ளை விரலை வரியின் கீழ் வைத்து ஆரம்பித்தாள். ஒரு குளத்தில் ஒரு தவளை இருந்தது. அந்தத் தவளைக்குக் கொக்கு என்றால் பயம். கொக்கு வந்தால் தவளை இலைக்கு அடியில் ஒளிந்துகொள்ளும். நல்ல குரல். அடுத்த அறையின் இரைச்சல்கூட அடங்கியது. விரல் வரியின் கடைசிக்கு நகர்ந்தது, அடுத்த பக்கத்துக்குப் போனாள். சுகந்தி சும்மா, பெருமைக்காக, பின்னால் போய் நின்று தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். அந்தப் பக்கத்தில் இரண்டே வரிதான் இருந்தது. மழை வரும் என்று தவளை சொன்னது. யாரும் நம்பவில்லை. காளீஸ்வரியின் விரல் மழை என்ற சொல்லின் கீழ் இருந்தது, வாய், கொக்கு ஒற்றைக் காலில் நின்றது, என்றது. பக்கத்தைத் திருப்பினாள். அங்கே படத்தில் மேகம். உடனே, வானம் கறுத்தது, தவளை இன்னும் பயந்தது, என்றாள். கடைசிச் சொல் முடிகிறபோது விரல் சரியாக வரியின் முடிவுக்கு வந்து நின்றது. ஒரு இடம் தவறவில்லை. ராகம் தவறவில்லை.

முதலில் சுகந்திக்குச் சிரிப்புத்தான் வந்தது, கதை கட்டுகிறாளே என்று. அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. விளையாட்டுக்குச் செய்கிற பிள்ளையின் தோள் இப்படி இறுகி இருக்காது. பின்கழுத்தில் வியர்வை, பின்னல் ரிப்பன் ஈரம். அப்படியானால் பாடப்புத்தகம்? போன வாரம் வாசித்த நாடகம்? அதற்கு முந்தி வாசித்த பாட்டு? எல்லாம் முதலில் பூங்கொடியோ வேறு யாரோ சத்தமாக வாசித்த பிறகு வாசித்தது. எப்போதும் இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோதான் கையைத் தூக்குவாள். எப்போதும். அது அடக்கம் என்று நினைத்தேன், நல்ல வளர்ப்பு என்று நினைத்தேன். எழுதுகிறாளே, அழகான கையெழுத்து, பலகையில் இருப்பதை அப்படியே, கோலம் போடுகிற மாதிரி. கோலம்தான் போட்டிருக்கிறாள். இரண்டு வருஷம். இந்தக் கையால் எத்தனை தடவை குட் போட்டேன். யாருக்கும் தெரியாது, இந்த அறையில் யாருக்கும் தெரியாது, எனக்கும் இவளுக்கும் தவிர. அந்த நேரம் பார்த்து அமுதினி பாயிலிருந்து எழுந்து வந்து புத்தகத்துக்குள் தலையை நீட்டினாள், அம்மா, இது ம, இது ழை, மழைன்னுல்ல போட்டிருக்கு, அக்கா வேற, என்று ஆரம்பித்தாள். அமுதினி, வாயை மூடு, போய் உக்காரு. அவ்வளவு கடுமையாகச் சொல்ல நினைக்கவில்லை. அமுதினியின் முகம் சுருங்கியது. அம்மா இப்படிப் பேசி அவள் கேட்டதில்லை. இந்தப் பள்ளிக்கூடத்தில் என் பிள்ளைக்கு நான் முதன்முதலாகச் சொல்லிக்கொடுத்தது இது, என்று சுகந்தி நினைத்தாள். காளீஸ்வரி புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி அவளைப் பார்த்தாள். ஒரு நொடிதான். முயல் பார்க்கிற மாதிரி. பிறகு கடைசிப் பக்கத்தைத் திருப்பி, தவளை தன் அம்மாவிடம் போய்ச் சேர்ந்தது, என்று முடித்தாள். பிள்ளைகள் கைதட்டின. வராந்தாவிலிருந்தும் ஒரு கைதட்டல் வந்தது.

அமுதினிக்கு எழுத்து எப்படித் தெரியும்? தினமும் சாயங்காலம் மடியில் உட்கார வைத்து, அவள் சின்ன விரலைப் பிடித்து எழுத்தின் கீழே வைத்து, இது என்ன, இது என்ன, என்று கேட்டதால் தெரியும். அதே கை. இங்கே அந்தக் கை ஒரு நாளில் எத்தனை விரலைப் பிடிக்க முடியும்? பிடிக்க முடியாது என்பது நிஜம். காளீஸ்வரியின் விரலை ஒரு நாளும் பிடிக்கவில்லை என்பதும் நிஜம். அவளுக்குத்தான் தெரியுமே என்று அவளைத் தாண்டித் தெரியாத பிள்ளைகளிடம் போனேன். தெரியாத பிள்ளைகள் எல்லாம் தத்தக்கா பித்தக்கா என்று எழுத்துக் கூட்டி வாசிக்கின்றன இப்போது. தெரிந்த மாதிரி இருந்தவள்தான் இப்படி நிற்கிறாள். சொல்லாமல் விட்டால் என்ன? இந்த எண்ணம் மெத்தென்று வந்தது. சொல்லாமல் விட்டு, நாளையிலிருந்து மெதுவாகச் சொல்லிக்கொடுத்து, வருஷ முடிவுக்குள் சரிபண்ணிவிட்டால் யாருக்கும் தெரியாது. மாரீஸ்வரி சந்தோஷமாகச் சின்னதைச் சேர்ப்பாள். ஞானசௌந்தரி டீச்சருக்கு ஒரு பிள்ளை கூடும், பிள்ளைகள் குறைந்தால் பள்ளிக்கூடத்தை மூடிவிடுவார்கள் என்ற பேச்சு கொஞ்ச நாளைக்கு இருக்காது. மத்தியானத்துக்குள் சண்முகவேலைக் கூப்பிட்டு, பெரிய பள்ளிக்கூடத்திலேயே சேர்த்துவிடுங்கள் என்று சொல்லிவிடலாம். ஆமாம், சொல்லிவிடலாம். அப்படியானால் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது, நல்ல பள்ளிக்கூடம் இல்லை. என் பிள்ளைக்கு இல்லை, மாரீஸ்வரியின் பிள்ளைக்குச் சரி. இதை வாய்விட்டுச் சொன்ன மாதிரி அவள் பதறிப்போய்ச் சுற்றிலும் பார்த்தாள்.

இடைவேளை மணியை நாலாம் வகுப்புப் பையன் அடித்தான். பிள்ளைகள் ஓடின. காளீஸ்வரி மட்டும் போகவில்லை, புத்தகத்தைக் கட்டின் மேல் வைத்து, ஓரம் சரியாக இருக்கிறதா என்று தட்டித் தட்டிச் சரிபண்ணிக்கொண்டிருந்தாள். சுகந்தி பக்கத்தில் போய் நின்றாள். எழுத்து எதுவுமே தெரியாதா பாப்பா? காளீஸ்வரி புத்தகத்தையே பார்த்தாள். அ தெரியும், அம்மா பேர்ல வர்ற மா தெரியும், என் பேரு எழுதத் தெரியும், என்றாள். பிறகு அவசரமாக, கேட்டா ஒரே தடவையில மனப்பாடம் ஆயிரும் டீச்சர், பூங்கொடி வாசிக்கும்போது நல்லாக் கேட்டுக்கிடுவேன், என்றாள், அதையாவது பாராட்டுவார்கள் என்பது போல. ஏன் சொல்லவில்லை என்று சுகந்தி கேட்க வாயெடுத்தாள். கேட்கவில்லை. இந்தப் பிள்ளை எத்தனை நாள் காலையில் வயிற்றுவலியோடு எழுந்து வந்திருக்கும், இன்றைக்கு யார் முதலில் வாசிப்பார்கள், என்னை முதலில் கூப்பிட்டுவிட்டால் என்ன செய்வது என்று. காலையிலிருந்து தன் வயிற்றில் இருப்பது இரண்டு வருஷமாக இவள் வயிற்றில் இருந்திருக்கிறது, கண்டுபிடித்துவிடுவார்களோ என்ற அதே பயம். எங்க அம்மாகிட்ட சொல்லிறாதீங்க டீச்சர், என்றாள் காளீஸ்வரி, தெருவுல எல்லார்கிட்டயும் நான் வாசிப்பேன்னு சொல்லி வச்சிருக்கு. சொல்லிவிட்டு வெளியே ஓடிவிட்டாள்.

வாசலுக்கும் தூணுக்கும் நடுவில் தூரமே கிடையாது. இருந்தாலும் சுகந்திக்கு அங்கே போய்ச் சேர வெகுநேரம் ஆன மாதிரி இருந்தது. மாரீஸ்வரி எழுந்துகொண்டாள், முகம் முழுக்கச் சிரிப்பு. கேட்டேன் டீச்சர், புதுப் புஸ்தகம்லா, எப்படி மடமடன்னு வாசிக்கா பாத்தீகளா, எனக்குத்தான் கையெழுத்துக்கூடப் போடத் தெரியல, வீட்லயும் தெனம் படிச்சிக் காட்டுவா, இவ அப்பாவுக்குக் கண்ணுல தண்ணி வந்துரும். அக்காவ மாதிரி இவளையும் ஆக்கிவிட்டுருங்க. தர்ஷினி அம்மாவின் சேலைக்குள் முகத்தைப் புதைத்தாள். இப்போது சொல்லாவிட்டால் இனி எப்போதும் சொல்ல முடியாது என்று சுகந்திக்குத் தெரிந்தது. அந்தப் பிள்ளை சொல்லாதே என்று கேட்டதும் தெரியும். அவளுக்காகச் சொல்லாமல் இருக்கிறேனா, எனக்காகவா, என்று ஒரு கணம் தேடினாள், இரண்டும் ஒன்றாகவே கிடந்தன, பிரிக்க வரவில்லை. அவ வாசிக்கல, என்றாள். மாரீஸ்வரிக்குப் புரியவில்லை. படத்தப் பாத்துக் கதை சொன்னா. அந்தப் புத்தகத்துல இருக்குறது வேற. அவளுக்கு வாசிக்கத் தெரியல மாரீஸ்வரி, எல்லாத்தையும் காதால கேட்டு மனப்பாடம் பண்ணியிருக்கா, எனக்கே இன்னைக்குத்தான் தெரியும். மாரீஸ்வரியின் சிரிப்பு உடனே போகவில்லை, மறந்துபோய் முகத்திலேயே கிடந்தது. நேத்துக்கூட வாசிச்சாளே டீச்சர், என்றாள். பிறகு சிரிப்புப் போயிற்று. ரெண்டு வருசமா உங்ககிட்டதான இருக்கா. ஆமா. நான் படிக்காதவ, எனக்குத் தெரியல. உங்களுக்கும் தெரியலயா? குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நன்றாக இருக்கும் போலிருந்தது சுகந்திக்கு. தெரியல, என்றாள். மாரீஸ்வரி விளையாடுகிற பிள்ளைகளைப் பார்த்தாள். அங்கே அமுதினி ஒரு சின்னப் பையனோடு மண்ணைக் குவித்துக்கொண்டிருந்தாள், சிவப்புச் சட்டையெல்லாம் கரிசல் மண். அப்ப உங்க பிள்ளைய இங்க போடாதீக டீச்சர், என்றாள் மாரீஸ்வரி. அதில் குத்தல் எதுவும் இல்லை. ஒரு தாய் இன்னொரு தாய்க்குச் சொன்ன யோசனை.

சுகந்தி தூணைப் பிடித்துக்கொண்டாள். மனசு எங்கெங்கோ ஓடியது, பெரிய பள்ளிக்கூடத்து கேட், வாட்ச்மேன், காதுகுத்துப் பந்தி, இலை, விஜயராணியின் கை, ஒன்றும் கையில் சிக்கவில்லை. வாய் அதற்குள் பேச ஆரம்பித்திருந்தது. காளீஸ்வரிய தெனம் சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்ட பிறகு கூட்டிட்டுப் போகாதீங்க, என்கிட்ட விட்டுருங்க, எழுத்துலருந்து ஆரம்பிக்கிறேன், அவளுக்கு இருக்குற ஞாபகசக்திக்குச் சீக்கிரம் வந்துரும். நீங்க பஸ்ஸுக்குப் போகணுமே, என்றாள் மாரீஸ்வரி. அடுத்த பஸ்ல போறேன், அமுதினியும் கூடத்தான இருப்பா, எங்களுக்கு என்ன அவசரம். சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது. அமுதினியும் கூடத்தான இருப்பா. காலையிலிருந்து, இல்லை, காதுகுத்திலிருந்து, இல்லை, அமுதினி பிறந்ததிலிருந்து சுற்றிச் சுற்றி வந்த முடிவு இப்படி ஒரு வாக்கியத்தின் வாலில் வந்து விழுந்துவிட்டது. அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாமா என்று பார்த்தாள். மாரீஸ்வரி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தர்ஷினியின் கையைப் பிடித்துக்கொண்டாள். இவள இன்னைக்குச் சேக்கல டீச்சர். மூத்தவ ஒரு பக்கம் வாசிக்கட்டும், நானே பக்கத்துல நிப்பேன், யாரையாவது கூப்பிட்டுச் சரியான்னு கேப்பேன். அதுக்கப்புறம் இவளக் கொண்டாந்து விடுதேன். வேன்காரன்கிட்டயும் இன்னும் சொல்லல. சரி, என்றாள் சுகந்தி. அதைவிட நியாயமாக யாரும் இந்தப் பள்ளிக்கூடத்துக்கு மார்க் போட முடியாது. மாரீஸ்வரி படியிறங்கி, திரும்பிப் பார்க்காமல், பிள்ளையை இழுத்துக்கொண்டு வெயிலில் போனாள். கேட்டருகே நின்றுகொண்டிருந்த காளீஸ்வரியைத் தாண்டும்போது அவள் கை மூத்தவளின் தலையில் ஒரு தடவை பட்டு விலகியது. அடித்தாளா தடவினாளா என்று இங்கிருந்து தெரியவில்லை.

சண்முகவேல் போனில் கூப்பிட்டான். கேட்டுட்டு இருக்காங்க, என்ன சொல்லட்டும்? பின்னால் ஏதோ பாட்டு, நிறையப் பேர் பேசுகிற சத்தம், ஒரு மணி, நல்ல கனமான மணி. வேண்டாம்னு சொல்லிட்டு வாங்க, என்றாள். யோசிச்சுத்தான் சொல்றியா? இல்ல, என்றாள் சுகந்தி, யோசிச்சா பயமா இருக்கு. நாளைக்கு வருத்தப்படக் கூடாது, என்றான். படுவேன், தெனம் படுவேன். அவன் பெருமூச்சு விட்டது கேட்டது. சரி, ராத்திரி பேசிக்கலாம் என்றான், வைத்துவிட்டான். ராத்திரி பேச என்ன இருக்கிறது, இடம் அதற்குள் போய்விடும். போனைப் பையில் போட்டாள். அமுதினிக்கு இங்கிலீஷ் வராமல் போனால்? பெரியவளாகி, ஏம்மா என்னை அங்கே போட்டே, என்று கேட்டால்? நான் இன்னொரு அறைக்கு ஓடுகிற நேரத்தில் அவளும் ஒரு மூலையில் உட்கார்ந்து ஏதாவது ஒன்றைக் கோலம் போடப் பழகிவிட்டால்? பயம் குறையவே இல்லை. முன்னால் அதற்கு அமுதினியின் முகம் மட்டும் இருந்தது, இப்போது இந்த அறையில் இருக்கிற எல்லா முகமும் அதில் வந்து உட்கார்ந்துகொண்டன, மகாலிங்கம், பூங்கொடி, எழுத்துக் கூட்டுகிற பிள்ளைகள், எழுத்துக் கூட்டாத பிள்ளைகள். ஒவ்வொன்றாகத் திரும்ப உட்கார வைத்துப் பார்க்க வேண்டும், இன்றைக்கே, புதுப் புத்தகத்தை வைத்து. இன்னும் யார் யார்?

மணி அடித்துப் பிள்ளைகள் உள்ளே வந்தன. எல்லாருக்கும் ஒரு படம் வரையச் சொல்லிவிட்டு, நாலையும் அஞ்சையும் எட்டிப் பார்த்துவிட்டு வந்து, சுகந்தி காளீஸ்வரிக்குப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தாள். தவளைப் புத்தகத்தை எடுத்து நடுவில் வைத்தாள். காளீஸ்வரி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். சொல்லிட்டீங்கள்ல, என்றாள் சுவரிடம். சொல்லிட்டேன். நான்தான் சொல்லாதீங்கன்னு சொன்னேன்ல. ஆமா, சொன்ன. அமுதினி தூரத்திலிருந்து இவர்களைப் பார்த்தாள், வரவா என்று கண்ணால் கேட்டாள். வேண்டாம் என்று சுகந்தி தலையாட்டவில்லை, வா என்றும் ஆட்டவில்லை. அடுப்படியில் தாளிக்கிற வாசனை வந்தது. அடுத்த அறையில் யாரோ எதையோ கீழே போட்டு, அதற்கு எல்லாரும் சிரித்தார்கள், எழுந்து போக வேண்டும், எழுந்து போய் அதட்ட வேண்டும், அவள் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தே இருந்தாள். இந்தப் பிள்ளை இன்றைக்குத் திரும்பாமலே போகலாம். நாளைக்கு வயிற்றுவலி என்று வராமல் இருக்கலாம். மாரீஸ்வரி சாயங்காலமே வேன்காரனிடம் சொல்லிவிடலாம். எல்லாம் நடக்கலாம். வெகுநேரம் கழித்துச் சுவரைப் பார்த்திருந்த முகம் கொஞ்சமாகத் திரும்பியது. காளீஸ்வரி புத்தகத்தைப் பார்த்தாள், அறையில் யாராவது கவனிக்கிறார்களா என்று பார்த்தாள், பிறகு ராகம் இல்லாத ஒரு குரலில், இதுவரை இந்த அறையில் கேட்டிராத ஒரு சின்னக் குரலில், ஒரு எழுத்தின் மேல் விரலை வைத்து, இது என்ன டீச்சர், என்றாள்.